நகலைத் திருப்பிக் கொடுத்தவர்

கப்பலண்ணன் யாரிடமாவது புத்தகமோ நோட்டோ இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் இருந்ததில்லை. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே, பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, வீட்டுக்கே கொண்டுவந்து கையில் கொடுப்பார். ஆனால் அவர் கொடுத்தது நாம் கொடுத்த அதே நோட்டுதானா என்கிற சந்தேகம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் இருந்தது. எனக்கு மட்டும்தான் இல்லை.

அவருக்கு மூன்று பெயர்கள். ஞானஸ்நானத்தின்போது சர்ச்சிலே வைத்தது ஒன்று, அவருடைய அம்மா கூப்பிட்டது ஒன்று, அடையாள அட்டைக்கென்று வைத்துக்கொண்ட பர்மியப் பெயர் ஒன்று. மூன்றில் எதையும் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழ் ஆட்களுக்கு அவர் கப்பலண்ணன். பர்மியர்களுக்கு திம்போ ஊலே. அதுவும் கப்பல் மாமா என்றுதான் அர்த்தம்.

பசுந்தாங் ஓடைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் கட்டடம். கீழே, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் என் கடை, முதல் மாடியில் நான், மூன்றாம் மாடியில் அவர். ரங்கூனில் எல்லா மாடி வீட்டுக்கும் உள்ளதுபோல அவர் வீட்டுக்கும் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரை மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். மற்றவர்கள் வீட்டுக் கயிற்றில் சாமான் மேலே போகும். அவர் கயிற்றில் சீட்டு கீழே இறங்கி வரும். ‘தம்பி, உங்க வீட்டுப் பழைய பஞ்சாங்கம் மூணு நாளைக்கு வேணும்.’ என் கடை வாசலில், என் மூக்குக்கு நேரே, அந்தச் சீட்டு ஆடிக்கொண்டு நிற்கும்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பர்மியப் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்பு, கோயிலில் சாயங்கால வகுப்பில் தமிழ், அவ்வளவுதான். இருந்தாலும் மத்தியதரைக் கடல் ஓரத்தில் இருக்கிற ஒரு ஊரைப் பற்றி என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சொல்வேன். எல்லாம் அவரால் வந்தது.

அவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டராகப் போனவர். ஒரு தடவை எகிப்து தேசத்தில் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் அந்தக் கப்பலைக் கடன் பாக்கிக்காக மறித்துப் போட்டுவிட்டார்கள். முதலாளிமார் கைகழுவிவிட்டார்கள். வழக்கு முடிகிறவரை ஆட்கள் கப்பலை விட்டுச் சொந்த ஊருக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. ஒன்றே கால் வருடம் அப்படிக் கிடந்தார்கள். பகலில் கரைக்கு இறங்கலாம். மற்றவர்கள் படுத்துத் தூங்கினார்கள், சீட்டு ஆடினார்கள், அழுதார்கள். இவர் நடந்தார். கடற்கரை ரோட்டில் ஒரு காப்பிக் கடையில், ஓய்வு பெற்ற டிராம் கண்டக்டர் ஒருவர் பழக்கமானார். ஆங்கிலம் தெரிந்தவர். இரண்டு பேருமாக அந்த ஊரைத் தெருத் தெருவாக அளந்தார்கள். திரும்பி வந்தபோது மற்றவர்கள் சீக்கும் கவலையுமாக வந்தார்கள். இவர் ஒரு ஊரையே தலைக்குள் ஏற்றிக்கொண்டு வந்தார்.

என் மனைவி செல்லம்மா கட்டட வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவாள். எட்டுக் குடித்தனமும் அதை மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகும். அவர் மட்டும் ஓரமாகத் தாண்டி நின்று பார்ப்பார்.

“இப்படித்தான் தங்கச்சி அந்த ஊரயும் ஆரம்பிச்சாங்க” என்றார் ஒரு நாள்.

“எந்த ஊருண்ணே?”

“அலெக்சாந்திரியா. ஒரு கிரேக்க ராசா, தன் பேரையே ஊருக்கு வச்சவன். இன்ன எடத்துல சுவரு, இன்ன எடத்துல தெருன்னு தரையில கோடு போடணும். சுண்ணாம்பு பத்தல. சிப்பாய்ங்க வச்சிருந்த பார்லி மாவ எடுத்துக் கோடு போட்டாங்க. போட்டு முடிக்கல, பறவைங்க கூட்டமா வந்து மொத்த ஊரயும் தின்னுட்டுப் போயிருச்சு. ராசாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கட்டுறதுக்கு முன்னாடியே ஊரு காணாமப் போச்சேன்னு.”

“அய்யய்யோ. அப்புறம்?”

“கூட இருந்த சோசியக்காரன் சொன்னான், பயப்படாதீங்க, இந்த ஊரு எத்தனையோ தேசத்து சனத்துக்குச் சோறு போடும்னு.”

செல்லம்மா தன் கோலத்தைப் பார்த்தாள். இரண்டு சிட்டுக்குருவிகள் ஓரத்துப் புள்ளிகளைக் கொத்திக்கொண்டிருந்தன. “அப்ப இதுங்கள நான் வெரட்டக் கூடாதுங்கிறீங்க.”

“வெரட்டு தங்கச்சி. ஆனா சாப்புட்டு முடிச்சப்புறம் வெரட்டு.”

தெருமுனை டீக்கடையில்தான் அவருக்குக் கச்சேரி. கடைக்காரர் கோ சோ, பர்மியர். அவரோடு பர்மியத்தில், எங்களோடு தமிழில், எதிர்க் கடைத் தையல்காரர் இப்ராஹிம் பாயோடு இரண்டும் கலந்து பேசுவார். அந்தத் துறைமுகத்தில் இருந்த கலங்கரை விளக்கைப் பற்றி அவர் சொல்லும்போது கையை மேசையிலிருந்து தலைக்கு மேல் வரை தூக்குவார். ஆயிரத்து ஐநூறு வருடத்துக்கு மேல் நின்றதாம். நிலநடுக்கம் வந்து வந்து தலை போய், இடுப்புப் போய், கடைசியில் கற்குவியலாகக் கிடந்ததாம். அப்புறம் ஒரு சுல்தான் வந்து, அதே இடத்தில், அதே கற்களையும் போட்டுக் கோட்டை கட்டினார். “அந்தக் கோட்டைச் சுவத்துல கை வச்சேன் பாய். கோட்டையத் தொட்டமாதிரியே இல்ல. வெளக்கத் தொட்டமாதிரி இருந்துச்சு.”

இன்னொரு இடத்தில் குப்பை மேடாகக் கிடந்த நிலத்தைக் கட்டடம் கட்டுவதற்காகத் தோண்டினார்களாம். உள்ளே வட்ட வட்டமாகப் பளிங்குக் கல் படிகள் வந்தன. ரோமாபுரிக்காரர் காலத்துக் கூத்துக் கொட்டகை. கடலுக்குள் முங்கிப் பார்த்தால் தலையில்லாத சிலைகள். அவர் அங்கே கிடந்தபோதுதான் ஒவ்வொன்றாகக் கிரேனில் கட்டித் தூக்கினார்களாம். கிரேனைப் பற்றி அவர் சொல்லும்போது ஃபிட்டர் புத்தி வெளியே வரும். எந்த வயர் ரோப், எத்தனை டன் என்று அதற்கு ஒரு கால் மணி நேரம்.

நம் தாத்தா காலத்தில் அங்கே கிரேக்கர், இத்தாலிக்காரர், யூதர், அர்மீனியர் எல்லாரும் கடை வைத்திருந்தார்கள். பிறகு காலம் மாறியது, ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறிவிட்டது. கடைகளில் இப்போது வேறு ஆட்கள். வாசல் மேலே மட்டும் பழைய பெயர் இருக்கும். அந்த டிராம் கண்டக்டருக்கு எந்த மாடியில் எந்தக் குடும்பம் இருந்தது, எந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன வாசனை வரும் என்பது வரை தெரியுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் டீக்கடையில் யாரும் கேலி பேச மாட்டோம். தன் சனத்தில் பாதியைக் கப்பலேற்றி அனுப்பிய ரங்கூன் தமிழனுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி, எங்கள் கட்டடத்து வாசல் மேல் சுண்ணாம்புக்கு அடியில் பாதி தெரிந்த பெயரை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு இறங்கினார். ஏதோ ஒரு செட்டியார் பெயர். எங்களுக்கெல்லாம் அப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரியாது.

ஆனால் அவருக்கு உயிர் அந்த ஊர்ப் பழைய நூலகம்தான்.

“துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் அதிகாரிங்க ஏறிச் சோதன போடுவாங்க. கள்ளச் சரக்குக்கு இல்ல. புத்தகத்துக்கு! ஏதாவது சுருள் இருந்தா புடுங்கிட்டுப் போயிருவாங்க. நூலகத்துல ஒக்காந்து நகல் எழுதுவாங்க. எழுதிட்டு, கப்பல்காரன்கிட்ட நகலத் திருப்பிக் குடுப்பாங்க. மூலத்த வச்சுக்குவாங்க.”

“இதுக்குப் பேரு திருட்டு” என்றார் இப்ராஹிம் பாய்.

“திருட்டுதான். ஆனா அந்தக் கப்பல் மறுநாளே முழுகிப்போனாலும் புத்தகம் முழுகாதுல்ல?”

“அவ்வளவு சேர்த்து என்ன, கடைசியில் எரிந்துதானே போச்சு, ஊலே?” என்று கோ சோ பர்மியத்தில் சீண்டினார்.

அன்றைக்குத்தான் அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன். டம்ளரை வைத்துவிட்டார். “எல்லாரும் இதயே சொல்றீங்க. தீ ஒரு தடவ வந்துச்சு, இல்லேங்கல. ஆனா தாளு எத்தன வருசம் நிக்கும்? நைஞ்சு போகும். மறுபடி ஒருத்தன் ஒக்காந்து எழுதணும். அப்புறம் இன்னொருத்தன். ஒரு காலத்துல எழுதுறத விட்டுட்டாங்க. அதான்யா போச்சு. தீ மேல பழியப் போட்டுட்டு எல்லாரும் தூங்கப் போயிட்டாங்க.”

அந்த ஊரில் இப்போது புதிதாக ஒரு பெரிய நூலகம், சாய்த்து வைத்த தாம்பாளம்போலக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அவர் இருந்தபோது கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்த பிறகு படத்தில்தான் பார்த்தார். வெளிச்சுவர் முழுக்க உலகத்து எழுத்துக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்து அந்தப் படத்தில் ஒரு தமிழ் எழுத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. “படத்துல ஒரு பக்கந்தானே தெரியுது, மத்தப் பக்கம் இருக்கலாம்” என்று சொல்லிக் கண்ணாடியை உறையில் போட்டார்.

வீட்டில் அவர் செய்ததும் அந்த அதிகாரிகள் செய்ததுதான். தெருவில் யார் வீட்டில் பழைய தாள் இருந்தாலும் இரவல் கேட்பார். ஜாதகம், கல்யாணப் பாட்டு, மருந்துக் குறிப்பு, ஊரிலிருந்து வந்த கடிதம். கையால்தான் எழுதுவார். ஜெராக்ஸ் என்றால் அவருக்கு ஆகாது. எந்தக் கையெழுத்தையும் அச்சாக இறக்கிவிடுவார். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு, அடித்தல் இருந்தால் அடித்தலோடு. டீத்தூளைக் காய்ச்சி அந்தத் தண்ணீரில் தாளைத் தோய்த்துக் கொடியில் காயப் போட்டால் ஐம்பது வருடத்துத் தாள் ஆகிவிடும். அவர் வீட்டுக் கொடியில் அண்ணியின் சேலைக்குப் பக்கத்தில் எப்போதும் பழுப்புத் தாள்கள் ஆடும்.

“துணிக்கு எடமில்ல வீட்டுல” என்பார் அண்ணி. “எல்லாத்தயும் நகல் எடுத்துட்டாரு. என்னய ஒருத்தியத்தான் எடுக்கல.”

“மூலமே தாங்கல” என்பார் இவர்.

எல்லார் நோட்டையும் மாற்றி வைத்துக்கொள்ள மாட்டார். வீட்டைப் பார்ப்பார். கூரை ஒழுகுகிற வீடா, கரையான் வருகிற வீடா, தாளைக் கிழித்துப் பலகாரம் மடிக்கிற வீடா என்று பார்த்துத்தான் முடிவு. இப்ராஹிம் பாய் தன் தாத்தாவின் அளவு நோட்டு திரும்பி வந்த மறுநாளே முகர்ந்து பார்த்தார். டீ வாசனை. கத்திரிக்கோலோடு மூன்று மாடி ஏறிப் போய் மூலத்தை வாங்கிவந்துவிட்டார். அதற்குப் பிறகு பாய் அவருக்கு அளவெடுக்கிற டேப்பைக்கூடக் கொடுக்க மாட்டார். “இத நீங்க நகல் எடுத்தீங்கன்னா தெருவுல ஒருத்தனுக்கும் சட்ட சேராது” என்பார். சர்ச்சுக்காரர்கள் கரையான் தின்ற பழைய அடக்கப் பதிவேட்டைக் கொடுத்தபோது மட்டும் மூலத்தையும் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அண்ணி அதற்கும் சொன்னார்: “சாமிக்குப் பயப்படுவாரு. மனுசனுக்குப் பயப்பட மாட்டாரு.”

என்னிடமும் அவர் வாங்கியது ஒன்று உண்டு. என் அப்பா எழுதிய ஊஞ்சல் பாட்டு நோட்டு.

அப்பா கப்பல் பட்டறையில் கயிறு வேலை பார்த்தவர். ஆற்றுக்கு அக்கரை, டாலாவில் வேலை. காலையில் படகேறிப் போய்ச் சாயங்காலம் வருவார். எங்கள் தெரு அம்மன் கோயிலில் பங்குனித் திருவிழா எட்டாம் நாள் அம்மனை ஊஞ்சலில் வைப்பார்கள். அந்த ஊஞ்சலுக்கு வடம் பின்னிக் கொடுத்தவர் அப்பா. பாட்டும் அவரே கட்டினார்.

‘கப்பல்கட்டும் வடமெடுத்துக் கயிறு திரித்தோம்
கரையோரத் தேக்கறுத்துப் பலகை இழைத்தோம்
ஒப்பில்லாத தாயே நீ ஏறி அமர்ந்து
உலகாள ஆடாயோ பொன்னூஞ்சல்’

இப்படி இருபத்திரண்டு பாட்டு. பாட்டுக் கட்டியவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான் பாட வேண்டும் என்று வழக்கம். முதலில் அம்மா பாடினார். அம்மாவுக்குப் பிறகு என் அக்கா. நோட்டைப் பார்க்காமலே பாடுவாள். ஊஞ்சலைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். ஆண்கள் நாங்கள் வெளியே பந்தலில் அன்னதான வேலையில் இருப்போம். மேளச் சத்தத்தில் பாட்டு எங்கள் காதில் விழாது. கப்பலண்ணனும் சர்ச்சுக்காரராக இருந்தாலும் அந்தப் பந்தலில்தான் இருப்பார். வருடா வருடம் மோர் ஊற்றுவது அவர் வேலை.

நோட்டை வாங்கிப் போய் இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். நான் முகர்ந்து பார்க்கவில்லை. அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு மூன்று தடவை சும்மா காயில் கட்டிக் கொடுத்தவன் நான். என்னிடம் செய்ய மாட்டார் என்று நினைத்தேன். சாமி அலமாரியில் வைத்தேன். சரஸ்வதி பூசைக்கு எடுத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பேன். மற்றவர்கள் மேலட்டையில் ஒரு பொட்டு வைப்பார்கள். எனக்கு மனசு ஆறாது. அப்பா கைபட்டது, அம்மன் பாட்டு. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன், நாலு மூலைக்கும் சந்தனம் வைப்பேன், சூடம் காட்டுவேன். சித்திரை முதல் தேதிக்கும் கடை ஆரம்பித்த நாளுக்கும் அதே மரியாதை. பிறகு பட்டுத் துணியில் இறுக்கிக் கட்டி உள்ளே வைத்துவிடுவேன். இப்படிப் பதினோரு வருடம்.

பன்னிரண்டாம் வருடம் தை மாதத்தில் அக்கா பக்கவாதம் வந்து விழுந்துவிட்டாள். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. எதைக் கேட்டாலும் ‘போ’ என்கிற ஒரே சொல்தான் வரும். தண்ணீருக்கும் போ, வலிக்கும் போ, என்னைப் பார்த்துச் சந்தோஷம் வந்தாலும் போ. சொல்லிவிட்டு, தான் சொன்னது அது இல்லை என்று அவளுக்கே தெரிந்து அழுவாள். பங்குனி பிறந்ததும் காலண்டரில் எட்டாம் நாளைக் காட்டிக் காட்டி, “போ, போ” என்றாள்.

“நான் பாடுறேன்க்கா” என்றேன். “நோட்டு இருக்கு. நான் பாத்துப் பாடிர்றேன்.”

அவள் இடது கையால் என் கன்னத்தைத் தொட்டாள்.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது பட்டுத் துணியை அவிழ்த்தேன். நோட்டு பிரியவில்லை. பக்கங்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்த இடமெல்லாம் கிழிந்தது. மஞ்சளும் குங்குமமும் மையும் கலந்து ஒரே செந்நிறச் சேறு. நடுப்பக்கங்களில் பூச்சி அரித்த ஓட்டை. ‘தாயே’ என்று ஒரு இடத்தில் படித்தேன். ‘பொன்னூ’ என்று ஒரு இடத்தில். வேறு எதுவும் இல்லை.

“யாரும் தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?” என்று கத்தினேன்.

செல்லம்மா வந்து பார்த்தாள். “யாரு ஊத்துவா? நீங்கதான் வருசத்துக்கு மூணு தரம் அபிசேகம் பண்ணுனீங்க.”

“உங்களுக்கெல்லாம் பாட்டுத் தெரியுமே? வருசா வருசம் கூட நின்னு பாடுனீங்களே?”

“எங்களுக்கு ‘ஆடாயோ பொன்னூஞ்சல்’ மட்டுந்தான் தெரியும். மிச்சம் அக்காதானே பாடும்.”

அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்? உட்கார்ந்து அழுதேன். அம்மன் பாட்டை என் கையாலேயே அழித்தேன், அதுவும் பக்தி என்ற பெயரில். அப்புறம்தான், இரண்டு மாதம் வைத்திருந்தாரே, ஒரு நகலாவது எடுத்து வைத்திருப்பாரே என்று ஞாபகம் வந்தது. மூன்றாம் மாடிக்கு ஓடினேன்.

நான் கொண்டுபோன சேற்றுக் கட்டியை அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “சொல்லிருங்க” என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே காய்ந்த வேப்பிலையும் புகையிலையும் போட்டுப் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் பெயர். என் பெயர் போட்ட பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது உங்கப்பா எழுதுனது. நீ கொண்டாந்தது நான் எழுதுனது.”

பிரித்தேன். அப்பாவின் வெற்றிலைக் கறை, கயிற்றுத் தார் பட்ட கட்டைவிரல் ரேகை, எல்லாம் அப்படியே இருந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

“பதினோரு வருசமா நான் உங்க கையெழுத்தயா கும்புட்டேன்?”

“கையெழுத்தயா கும்புட்ட? அம்மனத்தானே கும்புட்ட?”

“பேச்ச மாத்தாதீங்கண்ணே. இது எங்கப்பா கை. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.” தகரப் பெட்டியை மூடினார். “உன் வீட்டுல கரையான் இல்ல, ஒழுக்கு இல்ல. மொதல்ல மூலத்தத்தான் குடுக்கலாம்னு எறங்கி வந்தேன். அன்னைக்குச் சரஸ்வதி பூச. நீ ஒரு புத்தகத்துக்குச் சந்தனம் பூசிக்கிட்டிருந்த. கதவுகிட்ட நின்னு பாத்தேன். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு தம்பி. திரும்பி மேல வந்து நகல எடுத்துட்டு எறங்குனேன். தப்புதான். உன்ன ஏமாத்துனது தப்புதான். அத இல்லேன்னு சொல்லல.”

அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார். “குடிச்சிட்டுத் திட்டுங்க தம்பி. இத்தன வருசமா ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் இந்த மனுசன் வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு. உங்க மூஞ்சியப் பாக்க முடியாதுன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

இருந்தாலும் மனசு உறுத்தியது. கோயில் பூசாரியிடம் போய், இத்தனை வருடம் நான் செய்த பூசை செல்லுமா என்று கேட்டேன். அவர் பித்தளைக் குடத்தைத் தேய்த்துக்கொண்டே, “சந்தனம் அம்மனுக்குன்னு நெனச்சுப் பூசுனியா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப போய்ச் சேந்திருக்கும். நீ போய்ப் பாட்டப் படி” என்றார். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் அக்காவைச் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிவந்தோம். ஊஞ்சலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். இந்தத் தடவை பாடப்போவது நான், குரலும் கிடையாது என்பதால், மேளத்தை நிறுத்தி மைக் கொடுத்தார்கள். பந்தலில் இருந்த ஆண்களும் வேடிக்கை பார்க்க உள்ளே வந்துவிட்டார்கள். கப்பலண்ணன் மோர்க் கரண்டியோடு தூணில் சாய்ந்து நின்றார்.

அம்மனைக் கும்பிட்டு ஆரம்பித்தேன். முதல் பாட்டை எப்படியோ முடித்தேன். இரண்டாம் பாட்டில் அடி தவறி, ராகம் எங்கேயோ போய், நின்றுவிட்டேன்.

நான் விட்ட இடத்தில் அக்கா எடுத்தாள்.

முதலில் யார் பாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தண்ணீர் என்று ஒரு சொல் சொல்ல முடியாத வாய். வலப்பக்க உதடு தொங்கியபடிதான் இருந்தது. பாட்டு மட்டும் சொல் சொல்லாக, குழறாமல் வந்தது. பெண்கள் ‘ஆடாயோ பொன்னூஞ்சல்’ என்று சேர்ந்துகொண்டார்கள். நான் மைக்கை அவளிடம் பிடித்துக்கொண்டு, நோட்டில் விரல் வைத்துக் கூடவே போனேன். இருபத்திரண்டும் முடிந்தது. அக்கா நிற்கவில்லை.

‘ஆத்தங்கரைக் காத்தடிச்ச ஆடி மாசம்
அக்கரைக்குப் போன ராசா திரும்பலேன்னு
சோத்துப்பானை மூடிவச்சுக் காத்திருந்தேன்
சோர்ந்தகண்ணத் தொடச்ச தாயே, ஆடாயோ பொன்னூஞ்சல்’

என் விரலுக்குக் கீழே வெற்றுத் தாள். அப்பாவின் நோட்டில் இந்தப் பாட்டு இல்லை.

“அக்கா வருசா வருசம் கடைசியில பாடுறதுதான்” என்று செல்லம்மா காதில் சொன்னாள். “உங்கம்மா கட்டுனதாம். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அப்பா படகில் போய்த் திரும்பாத ஒரு ராத்திரி இருந்ததென்றே எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தீபாராதனை முடிந்து எல்லாரும் பந்தலுக்குப் போனார்கள். நானும் பரிமாறப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தேன். கப்பலண்ணன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அந்த ஒரு பாட்டை அவருக்காக மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

பாடி முடித்ததும் அவர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லப் பார்த்தாள். “போ” என்றுதான் வந்தது. கண் கலங்கியது.

“பேச வேணாம் தங்கச்சி. எனக்குக் காது சரியில்ல. மூணாவது அடி வெளங்கல. இன்னொருக்கப் பாடு.”

அவள் பாடினாள். கண்ணீரோடு ஆரம்பித்து, கடைசி அடிக்கு வரும்போது முகம் தெளிந்திருந்தது.

நான் தட்டோடு அவர் பின்னால் போய் நின்றேன். நோட்டீஸில் நாலு அடியும் ஒரு பிழை இல்லாமல் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். என் நிழல் தாளில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, அதைச் சட்டென்று குப்புறத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

“ம்ஹூம், பிடிபடல தங்கச்சி” என்றார். “மொதல்லேருந்து இன்னொரு தரம்.”